எங்கள் ஊர் சுகாதார நிலையத்தைப் பெண் பார்க்க வந்தார்கள்

செப்டம்பர் 3, புதன்

இன்று முதல் நாள். இந்த டைரியை எழுத்தறிவு வகுப்பில் கொடுத்தார்கள். தினமும் ஒரு வரியாவது எழுத வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார்.

என் பெயர் மாதையன். ஊர் ஒட்டப்பாறை. வயது எழுபத்தொன்று என்று ஆதார் அட்டை சொல்கிறது. போன வருஷம் வரை அது சொன்னதை வேறு யாராவதுதான் எனக்குச் சொல்ல வேண்டும். இன்று நானே எடுத்துப் படித்தேன். பிறகு மறுபடியும் படித்தேன்.

இவ்வளவு எழுதச் சாயங்காலம் முழுக்க ஆகிவிட்டது. விரல் வலிக்கிறது. நன்றாக இருக்கிறது.

செப்டம்பர் 4, வியாழன்

பாவாயி என் மனைவி. அவளும் வகுப்புக்கு வருகிறாள். என்னைவிட வேகமாக எழுதுகிறாள். ஆனால் என் எழுத்துதான் அழகு. இதை அவள் படிக்கக் கூடாது.

செப்டம்பர் 5, வெள்ளி

படித்துவிட்டாள்.

செப்டம்பர் 6, சனி

ஊராட்சித் தலைவி கோமதி வீட்டுக்கு வந்தது. சுகாதார நிலையத்தின் நலச்சங்கத்தில் என்னை உறுப்பினராகப் போட்டிருக்கிறதாம்.

"எனக்கென்ன தெரியும் அம்மிணி? நான் அணையில மீன் புடிச்சவன்."

"இப்பத்தான் படிக்க எழுதத் தெரியுதில்ல பெரியப்பா? அதுவுமில்லாம ஊர்ல பாதிப் பேர உங்க பரிசல்லதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கறீங்க."

நலச்சங்கம் என்றால் என்ன என்று கேட்டுக்கொண்டேன். நிலையத்துக்கு அரசாங்கம் தருகிற பணம் சரியாகச் செலவாகிறதா, மருந்து இருக்கிறதா, என்ன குறை இருக்கிறது என்று ஊர்க்காரர்களே பார்த்துச் சொல்வது. பெரிய வேலை. பாவாயி சிரித்தாள். "ஊட்டுல உப்பு இருக்குதா இல்லையான்னே இவருக்குத் தெரியாது" என்றாள்.

செப்டம்பர் 9, செவ்வாய்

நலச்சங்கக் கூட்டம். முதல் கையெழுத்து. எல்லோரும் டீ குடித்து முடிக்கிற வரை போட்டேன். யாரும் அவசரப்படுத்தவில்லை.

நிலையத்தை நடத்துவது ஜெசிந்தா நர்ஸம்மா. தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். டாக்டர் வாரத்தில் சில நாள்தான் வருவார். நர்ஸம்மா இங்கேயே தங்கியிருக்கிறார். இந்த ஊரில் நடக்கப் பழகுகிற குழந்தைகள் எல்லாம் அவர் கையில் பிறந்தவை. பிரசவ அறைக் கூரை ஒழுகும். போன ஐப்பசியில் செங்கோடனுடைய அண்ணன் மகளுக்குப் பிரசவம் பார்த்தபோது ஒருத்தி குடை பிடிக்க, நர்ஸம்மா குழந்தையை எடுத்தார்.

வெள்ளிக்கிழமை மாவட்டத்திலிருந்து ஆய்வுக் குழு வருகிறது என்று படித்துக் காட்டினார். அதற்குள் மலை மேல் தடுப்பூசி முகாம் இருக்கிறதென்று கிளம்பிவிட்டார். அவசரத்தில் வேறெதுவும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

செப்டம்பர் 10, புதன்

ஊரே ஆய்வுக் குழுவைப் பற்றித்தான் பேசுகிறது. மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் இப்படித்தான் வந்து பார்த்துவிட்டு, சுவர் வெடித்திருக்கிறதென்று பிரசவ அறையைப் பூட்டிவிட்டார்களாம். இங்கேயும் பூட்டினால் என்ன செய்வது? அணையில் தண்ணீர் ஏறிக் கிடக்கிறது. அக்கரை ஆஸ்பத்திரிக்குப் பரிசல்தான். சாலையில் போனால் மலையைச் சுற்ற வேண்டும்.

என் சின்ன மருமகள் தேன்மொழி மாசமாக இருக்கிறது. கார்த்திகையில் நாள். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். எனக்குக் கவலையெல்லாம் ஒன்றும் இல்லை. பரிசலைக் கவிழ்த்துப் போட்டுத் தார் பூசினேன். சும்மாதான்.

செப்டம்பர் 11, வியாழன்

இன்று எழுத நிறைய இருக்கிறது. கை ஒத்துழைக்க வேண்டும்.

காலையில் நிலையத்தின் முன்னால் எல்லோரும் கூடியிருந்தார்கள். ஆளுக்கொன்று பேசினார்கள். அப்போது யாரோ ஒருவர், "பொண்ணு பாக்க வர்றாங்கன்னா ஒழுகற எடத்துலயா பாய் விரிப்போம்?" என்று கேட்டார். எல்லோருக்கும் அது சரியென்று பட்டது.

அப்புறம் வேலைதான். சுண்ணாம்பு அடித்தோம். செங்கோடன் தன் வீட்டுப் புது மருமகள் சீராகக் கொண்டுவந்த தேக்குக் கட்டிலைப் பிளாஸ்டிக் கூடப் பிரிக்காமல் தூக்கி வந்தான். மாவு மில் துரைசாமி இன்வெர்ட்டரைக் கழற்றி வந்து மாட்டினான். எங்கள் வீட்டுச் சிவப்பு நாற்காலிகளைப் பாவாயி தலையில் வைத்துக் கொண்டுவந்தாள். பழனியம்மா நிலைக்கண்ணாடி கொண்டுவந்தாள். அது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

கூரையில் ஈரம் படர்ந்து கறுத்திருந்தது. சுண்ணாம்புக்கு மறையவில்லை. மாரியம்மன் பண்டிகைப் பந்தல் துணியை, மஞ்சளும் ரோஸும் கலந்தது, அறையிலிருந்து முன்கூடம் வரை மேலே இழுத்துக் கட்டினோம். அறையே கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. நர்ஸம்மா வந்து பார்த்தால் எப்படி மகிழ்ந்துபோவார் என்று பேசிக்கொண்டே கட்டினோம்.

செப்டம்பர் 12, வெள்ளி

வந்தார்கள். மூன்று பேர். நடுவில் இருந்தவர் பெரிய டாக்டர். எங்கள் நாற்காலியில்தான் உட்கார்ந்தார்.

மேலே பார்த்து, "இதென்ன துணி?" என்றார்.

"கொசுவுக்குங்க" என்றது கோமதி.

அவருக்கு அது புரியவில்லை என்று நினைக்கிறேன். ஆனால் கட்டிலைத் தட்டிப் பார்த்தார். இன்வெர்ட்டரைப் பார்த்தார். கண்ணாடியில் தன் முகத்தையும் பார்த்துக்கொண்டார். எங்களிடம் ஒவ்வொருவராக, "என்ன குறை இருக்கு? பயப்படாம சொல்லுங்க" என்று கேட்டார்.

"ஒரு கொறையும் இல்லைங்க."

"மழை பேஞ்சா ஒழுகுதா?"

"அய்யோ, ஒரு சொட்டு உழுகாதுங்க" என்றாள் பழனியம்மா.

அந்த நேரத்தில் தோளில் மருந்துப் பெட்டியோடு நர்ஸம்மா மலையிலிருந்து வந்து சேர்ந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். துணியைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்தேன். பெரிய டாக்டர், "நல்லா வெச்சிருக்கீங்க சிஸ்டர்" என்றார். பாவாயி அவருக்கு ஒரு பை வேர்க்கடலை கொடுத்தாள்.

செப்டம்பர் 13, சனி

சந்தோஷம் இல்லை அது.

நர்ஸம்மா என்னைக் கூப்பிட்டு விட்டார். போனேன். பந்தல் துணிக்குக் கீழே நின்றிருந்தார்.

"என்ன தாத்தா காரியம் பண்ணி வெச்சிருக்கீய?"

"நல்லாத்தானே கண்ணு இருக்குது?"

"நல்லாத்தான் இருக்கு. அதுதான் பிரச்சன. கூரை ஒழுகுதுன்னு எத்தன தடவ எழுதிப் போட்டேன் தெரியுமா? அந்த ஒழுகலப் பாக்கத்தான் அவிய வந்தாவ. பாத்துட்டுப் பணம் ஒதுக்க வந்தாவ. நீங்க துணியக் கட்டி மறைச்சுட்டீய!"

துணியை அண்ணாந்து பார்த்தேன். பிறகு கேட்டேன், "நேத்தே சொல்லியிருக்கலாமே கண்ணு?"

"எப்படிச் சொல்ல? ஊரே வாசல்ல நின்னு பல்லக் காட்டிட்டு நிக்குது. பழனியம்மா பாட்டி கண்ணாடி வேற. இவ்வளவு பேரப் பொய்க்காரங்கன்னு எப்படிச் சொல்ல?"

திட்டிக்கொண்டேதான் பேசினார். பேசிக்கொண்டே எனக்குச் சர்க்கரை பார்த்தார். கூடியிருக்கிறதாம். அதற்கும் திட்டினார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

மழை. பந்தல் துணியில் தண்ணீர் தேங்கித் தொட்டில் மாதிரி தொங்குகிறது. கீழே வாளி வைத்திருக்கிறது.

செப்டம்பர் 24, புதன்

மாவட்டத்திலிருந்து ஆணை வந்தது. கோமதி படித்தது. எங்கள் நிலையம் நல்ல நிலையில் இருப்பதால் கூரைப் பணத்தை வேறு நிலையத்துக்கு மாற்றப் போகிறார்கள். அதோடு, எங்களிடம் தேவைக்கு மேல் இருக்கிற தேக்குக் கட்டிலையும் இன்வெர்ட்டரையும் அங்கே அனுப்ப வேண்டும்.

செங்கோடன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"என்ற சம்பந்திக்கு என்னன்னு சொல்லுவேன்? கட்டில கவருமெண்டு புடுங்கிட்டுப் போயிருச்சுன்னா?"

"எடுத்துட்டு வந்துருடா இன்னிக்கே" என்றான் துரைசாமி.

நர்ஸம்மா கூடாதென்று தலையாட்டினார். அவர்கள் ஏட்டில் ஏறிவிட்டது. இப்போது எடுத்தால், அரசாங்கச் சாமானை நர்ஸ் விற்றுவிட்டாள் என்று ஆகிவிடும். அவர் வேலை இன்னும் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. இந்த வருஷம் நிரந்தரமாக வேண்டும். அதற்கு நடுவில் ஒரு மெமோ வந்தால் போச்சு. இதைக் கோமதிதான் என்னிடம் தனியாகச் சொன்னது. நர்ஸம்மா சொல்லவில்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

கட்டிலை எடுக்க வண்டி வந்தது. டிரைவர் உள்ளே போனால், கட்டிலில் செங்கோடன் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறான்.

"நோயாளியா?"

"ஆமாங்க. வகுத்து வலி. திரும்பக்கூட முடியல."

"எப்ப எந்திரிப்பீங்க?"

"அது உங்க கையிலயா என்ற கையிலயா இருக்குது? ஆண்டவன் கையில இருக்குது."

டிரைவர் நல்ல மனுஷன். டீ குடித்துவிட்டுப் போனார். ஏழாம் தேதி மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் பெரிய டாக்டரே வருகிறார், அன்றைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார். வண்டி வளைவு திரும்பியதும் செங்கோடன் எழுந்து ஓடிவந்து இரண்டு வடை தின்றான்.

அக்டோபர் 2, வியாழன்

தேன்மொழிக்குக் கால் வீக்கம். நர்ஸம்மா வீட்டுக்கே வந்து பார்த்தார். உப்பைக் குறைக்கச் சொன்னார். போகும்போது வாசலில் பாவாயியிடம் மெதுவாகப் பேசியது எனக்குக் கேட்டது.

"கூட்டத்துல நானே சொல்லிடுதேன் பாட்டி. நல்ல பேர் வாங்கணும்னு நாந்தான் எல்லாத்தையும் வாங்கி வெச்சேன்னு. கூரைக்குப் பணம் வந்தாப் போதும். தேன்மொழிக்கு முன்னால வந்துரணும்."

"உன்ற வேல?"

"வேல எங்கயும் கெடைக்கும்."

நான் வலையில் கண் விட்ட இடத்தைப் பின்னிக்கொண்டிருந்தேன். தப்பாகப் பின்னிப் பிரித்து, மறுபடியும் தப்பாகப் பின்னினேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

பாவாயி என் டைரியை எடுத்து வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"பதினொண்ணாந் தேதி எழுதியிருக்கறீங்களே. 'யாரோ ஒருவர் கேட்டார்'னு. அந்த யாரோ யாருங்க?"

"கூட்டத்துல யாரோ."

"வெள்ளத் துண்டு போட்டுட்டு, அந்தக் கல்லு மேல ஏறி நின்னுட்டு, கைய ஆட்டி ஆட்டிப் பேசுன யாரோவா?"

பேனாவில் மை குறைவாக இருக்கிறது. இத்துடன் நிறுத்துகிறேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

கூட்டம் முடிந்தது. இன்று கை வரவில்லை. நாளை எழுதுகிறேன்.

அக்டோபர் 8, புதன்

காலையிலிருந்து இதை மட்டும்தான் எழுதுகிறேன்.

கூட்டம் பிரசவ அறைக்கு முன்னால் இருக்கிற கூடத்தில் நடந்தது. பெரிய டாக்டர் எங்கள் சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்தார். கட்டிலும் இன்வெர்ட்டரும் இன்றைக்குக் கிளம்ப வேண்டும் என்றார். ஊரில் யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்.

சுவர் ஓரமாக நின்றிருந்த நர்ஸம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஓர் அடி முன்னால் வந்தார். அதற்குள் நான் எழுந்துவிட்டேன்.

"கூர ஒழுகுதுங்க" என்றேன்.

"ஒழுகாதுன்னு நீங்கதானே அன்னைக்குச் சொன்னீங்க?"

"பொய்யிங்க."

"இல்ல, கட்டில் போகுதேன்னு இப்ப சொல்றீங்களா? இதுல எது பொய்னு நான் நம்பறது?"

நியாயமான கேள்விதான். கோமதி துணியின் ஒரு முனையை அவிழ்த்து விட்டது. அது தொப்பென்று விழுந்தது. தேங்கியிருந்த அழுக்குத் தண்ணீர் கொஞ்சம் பெரிய டாக்டரின் பையில் பட்டது. அவர் மேலே பார்த்தார். கறுப்பு, பச்சை, நடுவில் கம்பி தெரிகிற இடம். ரொம்ப நேரம் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது.

"என்னை வெச்சு நாடகம் போட்டிருக்கீங்க. நான் கையெழுத்துப் போட்டு அறிக்கை அனுப்பிட்டேன். இதுக்கு யாராவது பதில் சொல்லணும். சிஸ்டர், இது உங்க நிலையம்."

நர்ஸம்மா வாயைத் திறந்தார்.

"அந்தப் புள்ளைக்குத் தெரியாதுங்க" என்றேன். "அது மலையில இருந்துச்சு. வந்து பாத்தப்ப நீங்க உள்ள உக்காந்திருந்தீங்க."

"அப்ப யார் ஆரம்பிச்சது?"

ஊரே தரையைப் பார்த்தது. அன்றைக்குக் கல்லைச் சுற்றி நின்றவர்கள்தான் அத்தனை பேரும். ஒருவர்கூட என் பக்கம் திரும்பவில்லை. செங்கோடன் கூரையைப் பார்த்தான். கூரையை மறைத்த மாதிரியே என்னையும் மறைக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது.

"நான்தானுங்க" என்றேன். "பூட்டிருவீங்களோன்னு பயம். பொண்ணு பாக்க வர்றப்ப எப்பிடியோ அப்பிடிப் பண்ணலாம்னு நான்தான் சொன்னேன். என்ற பேர் மாதையன். எழுதிக்குங்க."

உடனே செங்கோடன் எழுந்தான். "கட்டில் என்றதுங்க. என்ற மருமக சீரு." அவனும் அவன் மகனும் உள்ளே போய்க் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். டிரைவர் வழிவிட்டார். துரைசாமி, "இன்வெர்ட்டர் என்ற மில்லோடதுங்க" என்று ஒயரைக் கழற்றினான். விசிறி நின்றது. பழனியம்மா கண்ணாடியை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். திரையை ஒருத்தி உருவினாள். கடிகாரத்தை ஒருத்தி இறக்கினாள். துணியைக் கோயில்காரர் சுருட்டினார். எல்லோரும் பெரிய டாக்டருக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்று, "இது எங்குளுதுங்க" என்று காட்டிவிட்டுத்தான் போனார்கள்.

கடைசியில் எங்கள் நாற்காலிகள் மட்டும் இருந்தன. பாவாயி பக்கத்தில் போய் நின்றாள்.

"இது எங்க ஊட்டு நாற்காலிங்க. ஆனா நீங்க உக்காருங்க, பரவால்ல."

அவர் எழுந்துகொண்டார். உள்ளே போய்ப் பிரசவ அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். அரசாங்கத்தின் இரும்பு மேசை ஒன்று, துருப்பிடித்த கட்டில் ஒன்று, வாளி ஒன்று. அதற்கு நடுவில் நர்ஸம்மா நின்றிருந்தார்.

"இவ்வளவுதானா?" என்றார்.

"இவ்வளவுதான் சார்" என்றார் நர்ஸம்மா.

"இதுல வெச்சா பிரசவம் பாத்தீங்க?"

குடை பிடித்தவள் கூட்டத்தில் இருந்தாள். அவள் சொன்னாள்.

பிறகு பெரிய டாக்டர் மேசையில் சாய்ந்து நின்றுகொண்டே எழுதினார். ஊர்க்காரர்கள் தாங்களாகச் செய்தது, செவிலியருக்குத் தெரியாது என்று எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். எங்கள் வகுப்பே வரிசையில் நின்றது. முதலில் பழனியம்மா. 'ப' போட்டுவிட்டு மூச்சு வாங்கினாள்.

"பாட்டி, ரேகை வெச்சாலும் போதும்."

"ரேக வெக்கிறதுக்கா தம்பி நான் ராத்திரி ராத்திரி பள்ளிக்கோடம் போறேன்? நில்லுங்க."

நின்றார். மனுஷனுக்கு உட்காரவும் இடமில்லை. பாவாயி மறுபடியும் நாற்காலியைப் போட்டாள். இந்த முறை உட்கார்ந்துகொண்டார். போகும்போது, "ரெண்டு வேலையும் கெடுத்தீங்க, உங்களோடதும் என்னோடதும்" என்றார். ஆனால் பாவாயி இந்த முறையும் கொண்டுவந்திருந்த வேர்க்கடலைப் பையை மறக்காமல் வாங்கிக்கொண்டார்.

*இது பாவாயி எழுதுவது. இவர் எழுந்து பேசும்போது கால் நடுங்கியது. பின்னால் நான் வேட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதை இவர் எழுதவில்லை. கையெழுத்து இவருடையதுதான் அழகு.*

அக்டோபர் 16, வியாழன்

இன்ஜினியர் ஒருவர் டேப்போடு வந்தார். ஏணி போட்டுக் கொடுத்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. மேலே பார்த்தவரின் மூக்குக் கண்ணாடியில் ஒரு சொட்டு விழுந்தது. கூட்டமாக நின்று பார்த்தோம். யாரும் வாளி கொண்டுவரவில்லை.

அக்டோபர் 27, திங்கள்

மேல்தளத்தைக் கொத்திவிட்டுப் புதிதாகப் போடப் பணம் வந்துவிட்டது. கோமதி நலச்சங்கத்தில் தீர்மானம் படித்தது. இந்த முறை ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் கேட்டேன். கோமதிக்குக் கோபம் வந்துவிட்டது. கேட்டேன்.

தேன்மொழி கணக்கு பார்த்துக்கொண்டிருக்கிறது, கூரை முந்துமா குழந்தை முந்துமா என்று.

அக்டோபர் 29, புதன்

தபால்காரர் வந்தார். "திரு. மாதையன் யாரு?" என்று கேட்டார். நாற்பது வருஷமாக என்னைத் தெரியும் அவருக்கு. இருந்தாலும் கேட்டார், நான் "நான்தான்" என்று சொல்ல வேண்டும் என்பதற்காக.

என் பெயருக்கு வந்த முதல் கடிதம். மாவட்ட அலுவலகத்திலிருந்து. அணைக் கரையில் பரிசல் மேல் உட்கார்ந்து, விரல் வைத்துப் படித்தேன். ஆய்வின்போது உண்மைக்குப் புறம்பான தோற்றத்தை ஏற்படுத்தியதற்காக, நலச்சங்க உறுப்பினர் திரு. மாதையன் எழுத்து மூலம் விளக்கம் அளிக்க வேண்டும். தவறினால் உறுப்பினர் பதவியிலிருந்து நீக்கப்படுவார். கீழே முத்திரை.

திரும்பவும் மேலிருந்து படித்தேன். வெயில் ஏறிவிட்டது. மறுபடியும் படித்தேன். வீட்டுக்கு வந்து பாவாயியிடம் கொடுத்தேன். அவள்தான் வேகம்.

"திட்டி எழுதியிருக்கறாங்க. இதுக்கா இப்பிடிச் சிரிக்கறீங்க?"

"நல்லாப் பாத்துப் படி. ஒரு எழுத்து உடாம படி."

படித்தாள். பிறகு அவளும் சிரித்தாள். கடிதத்தை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் நிலையத்துக்குப் போனோம். கூரை கொத்துகிற சத்தம் சாலை வரை கேட்டது. நர்ஸம்மா தலையெல்லாம் சுண்ணாம்புத் தூளோடு மருந்து அலமாரியைக் கூடத்துக்கு நகர்த்திக்கொண்டிருந்தார். கடிதத்தை வாங்கிப் படித்தார். கடைசி வரை போய்விட்டு, பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

"ஏன் தாத்தா," என்றார், "இதுல எங்கயும் எம் பேரக் காணோமே?"

"அதத்தான் கண்ணு காலையிலருந்து படிச்சுட்டிருக்கறேன்."